நிறமில்லாத சாயம்

கிளீவ்லாண்டு கிளினிக்கின் அடித்தள அறையொன்றில் 1958 அக்டோபர் 30 அன்று ஒரு தவறு நடந்தது. இதய வால்வுக் கோளாறு உள்ள 26 வயது இளைஞர் மேசைமேல் படுத்திருந்தார். அவருடைய மகாதமனிக்குள் குழாய் செலுத்திச் சாயம் பாய்ச்சிப் படமெடுக்க வேண்டும். மேசைக்குக் கீழே அமைந்திருந்த பள்ளத்தில் நின்று படத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார் மருத்துவர் மேசன் சோன்ஸ். சாயம் பாய்ந்தது. மகாதமனி தெரிய வேண்டிய இடத்தில் வலது இதயத் தமனி கிளை கிளையாகக் கறுத்துத் தெரிந்தது. குழாயின் நுனி நழுவி அந்தச் சின்னஞ்சிறு தமனியின் வாய்க்குள் போயிருந்தது. ஏறத்தாழ 30 மில்லி சாயம் அதற்குள்ளேயே இறங்கிவிட்டது.

இதயத் தமனிக்குள் நேராகச் சாயம் போனால் ஆள் தப்பமாட்டார் என்பது அன்றைய மருத்துவ உலகின் உறுதியான எண்ணம். சோன்ஸ் பள்ளத்திலிருந்து ஏறி ஓடிவந்தார். மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டியிருக்கும் என்று கத்தியைத் தேடினார். ஈசிஜியைப் பார்த்தால் கோடு நேராகக் கிடந்தது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் என்று அஞ்சியவருக்கு அது வெறுமனே நின்றுபோயிருந்தது ஒருவகையில் நல்ல செய்தி. இருமச் சொன்னார். இளைஞர் இருமினார், மறுபடியும் இருமினார். அந்த அழுத்தத்தில் சாயம் தமனியை விட்டு வெளியேற, இதயம் மெல்லத் துடிக்கத் தொடங்கியது.

இந்தக் கதை மருத்துவக் கல்லூரிகளில் பலமுறை சொல்லப்படுவது. சொல்லும்போது பெரும்பாலும் விட்டுப்போகிற பகுதி, சோன்ஸ் அதிலிருந்து போட்ட கணக்கு. 30 மில்லியைத் தாங்கிய தமனி, இன்னும் நீர்த்த சாயத்தில் சில மில்லியைத் தாங்காதா? ஆஞ்சியோகிராம் என்று இன்று ஊரெல்லாம் அறிந்த சோதனை அந்தக் கேள்வியில் பிறந்தது. அதாவது, குறைவாகச் செலுத்தினால் போதுமே என்ற யோசனைதான் அதன் விதை. பின்னால் வந்த அறுபது ஆண்டுகளில் அந்த யோசனை எப்படி மறந்துபோனது, மறுபடி எப்படி நினைவுக்கு வருகிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

சாயம் என்பது பேச்சுக்குத்தான். “டை போட்டுப் பார்த்தாங்க” என்று மருத்துவமனை வராந்தாவில் சொல்பவர்கள், அது நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். புட்டியில் பார்த்தால் தண்ணீர் நிறம். விரலில் பட்டால் இளம்பாகின் பிசுக்கு. அதில் வேலை செய்வது அயோடின். எக்ஸ் கதிரை நன்றாக விழுங்கும் கனமான அணு அது. கதிர் போகாத இடம் திரையில் கறுப்பாக விழும். இதயத் தமனி தானாக எக்ஸ் கதிரில் தெரியாது. அயோடின் கலந்த நீர் அதற்குள் ஓடும் இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் தெரியும். இரத்தம் அதை அடித்துக்கொண்டு போனதும் திரை மறுபடி வெறுமையாகிவிடும். மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி செலுத்த வேண்டும். சிக்கல் முழுவதும் இந்த ‘மறுபடி’யில் இருக்கிறது.

அளவைக் கொஞ்சம் உணர்ந்துபார்க்கலாம். இதய சிகிச்சைக்குப் பயன்படும் சாயத்தில் ஒரு மில்லிக்கு 350 மில்லிகிராம் அயோடின் என்பது வழக்கமான செறிவு. 100 மில்லி புட்டியில் 35 கிராம். கடையில் கேட்டு வாங்கும் அயோடின் உப்பின் வழியே ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரு புட்டியில் இருப்பது ஒருவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் போதுமான அயோடின். அது மூலக்கூற்றுக்குள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் பெரும்பகுதி உடம்பில் சேராமல் சிறுநீரில் வந்துவிடும். வந்துதான் ஆக வேண்டும், அதற்கு வேறு வாசல் கிடையாது. அந்த ஒரே வாசலின் பெயர் சிறுநீரகம்.

அயோடினின் இந்தக் குணம் தெரியவந்ததும் ஒரு தற்செயல்தான். 1923இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மேகநோய்க்குச் சோடியம் அயோடைடு ஏற்றப்பட்டவர்களின் சிறுநீர்ப்பை எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதைக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களை அயோடைடு கொண்டு படமெடுத்தார். வெறும் அயோடைடு உப்பு நஞ்சு. ஆகவே வேதியியலார் அதைப் பென்சீன் வளையத்தில் பூட்டிப் பூட்டிப் பாதுகாப்பாக்கினார்கள். அப்படியும் ஒரு தொல்லை மீதமிருந்தது. ஊசி ஏறியவுடன் நோயாளிகள் எரிச்சலில் துடித்தார்கள்.

அதற்கான விடை ஸ்வீடனின் கடற்கரையிலிருந்து வந்தது. டோர்ஸ்டன் அல்மேன் என்ற கதிரியல் மருத்துவர் ஒன்றை நினைவுகூர்ந்தார். நாட்டின் மேற்குக் கரையில் உப்புக் கடலில் கண் திறந்து நீந்தினால் எரியும். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரியாது. இரத்தக் குழாயின் உள்சுவரும் கண்ணைப் போலத்தானே? இரத்தத்தின் ஊடுபரவல் செறிவு ஏறத்தாழ 290 அலகு என்றால், அன்றைய சாயங்களின் செறிவு 1,500ஐத் தாண்டியது. மின்னூட்டத் துகள்களாகப் பிரியாத மூலக்கூற்றை உண்டாக்கினால் அது பாதியாகக் குறையும் என்று அவர் வாதிட்டார். பெரிய நிறுவனங்கள் அசட்டை செய்ய, நார்வேயின் நைகார்டு நிறுவனம் முன்வந்தது. 1980களில் சந்தைக்கு வந்த அயோஹெக்சால் உள்ளிட்ட சாயங்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் செறிவு 600 முதல் 850 அலகு வரை. பின்னால் வந்த அயோடிக்சனால் இரத்தத்தின் செறிவுக்கே இறங்கிவிட்டது. எரிச்சல் போயிற்று. வலி இல்லாததால் இன்னும் கொஞ்சம் செலுத்தத் தயக்கமும் போயிற்று என்று சேர்த்துச் சொன்னால் அது அல்மேன்மீது பழி ஆகாது.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆந்த்ரேயாஸ் குரூன்சிக் பலூன் கொண்டு முதன்முதலாக ஓர் இதயத் தமனி அடைப்பை விரித்தார். 1986இல் பிரான்சில் முதல் இதய ஸ்டென்ட், அதாவது விரித்த தமனியைத் தாங்கும் வலைக்குழாய், வைக்கப்பட்டது. அதுவரை பார்ப்பதற்கு மட்டும் இருந்த சாயம், இப்போது ஒவ்வோர் அசைவுக்கும் தேவைப்பட்டது: கம்பி சரியான கிளையில் போகிறதா என்று ஒரு பஃப், பலூன் சரியான இடத்தில் நிற்கிறதா என்று ஒரு பஃப், ஸ்டென்ட் விரிந்ததா என்று இன்னொன்று. வெறும் ஆஞ்சியோகிராமுக்கு 30 முதல் 60 மில்லி போதும். ஆஞ்சியோபிளாஸ்டியில் 100, 200 என்று போவது வழக்கமானது. நாட்பட்டு முழுதும் மூடிப்போன தமனியைத் திறக்கும் நீண்ட சிகிச்சையில் அது 300ஐயும் தாண்டும்.

சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது? இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அவ்வளவு இரத்தம் வந்தும் அதன் உட்பகுதி எப்போதும் பிராணவாயுப் பற்றாக்குறையிலேயே வேலை செய்கிறது; மிகுந்த உழைப்பு, குறைந்த படி. சாயம் வந்ததும் அங்குள்ள நுண்குழாய்கள் சுருங்குகின்றன. வடிகட்டப்பட்ட நீரைச் சிறுநீரகம் உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ள, சாயம் மட்டும் பின்தங்கிக் கெட்டிப்பட்டு நகர மறுக்கிறது. ஓரத்துச் செல்கள் நேரடியாகவும் பாதிக்கப்படுகின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஓரிரு நாளில் ஏறத் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், உச்சம் தொடும் நாளில் நோயாளி வீட்டில் இருப்பார். சிகிச்சை செய்தவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. தெரியாத பாதிப்புக்கு எந்தக் கை தயங்கும்?

ஆஞ்சியோவுக்குப் பிறகு சிறுநீரகம் கெட்டால் பழி முழுவதும் சாயத்தின்மேல் போடுவதும் சரியல்ல. மாரடைப்பில் இரத்த அழுத்தம் இறங்கினாலே சிறுநீரகம் வாடும். இரத்தக் கசிவும் காரணமாகும். தொடை வழியே போகும் குழாய், மகாதமனிச் சுவரிலிருந்து கொழுப்புத் துணுக்குகளை உரசிச் சிறுநீரகத்துக்கு அனுப்பக்கூடும். ஐரோப்பாவில் நடந்த மேட்ரிக்ஸ் ஆய்வின் சிறுநீரகப் பகுதி 2017இல் வெளியானபோது, மணிக்கட்டு வழியே சிகிச்சை பெற்றவர்களில் 15.4 சதவீதத்தினருக்கும் தொடை வழியே பெற்றவர்களில் 17.4 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. ஆகவே ‘சாயத்தால் விளைந்த’ பாதிப்பு என்று முன்பு எழுதிவந்தவர்கள் இப்போது ‘சாயத்தோடு சேர்ந்து வரும்’ பாதிப்பு என்று அடக்கமாக எழுதுகிறார்கள். பெயரில் அடக்கம் வந்ததால் கவலை குறைந்துவிடவில்லை. நீரிழிவும் முதுமையும் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகமும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து உண்மையானது.

மருத்துவ உலகம் முதலில் தேடியது ஒரு கேடயத்தை. சாயம் போகிறபடி போகட்டும், காப்பாற்ற ஒரு மாத்திரை இருந்தால் போதும் என்ற தேடல் அது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்தால் சாயம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தார்கள். 1994இல் வந்த ஆய்வு அந்த நினைப்பைக் கவிழ்த்தது. வெறும் உப்புநீர் ஏற்றியவர்களில் 11 சதவீதத்தினர் பாதிக்கப்பட, அதோடு ஃப்ரூசமைடு என்ற அந்தச் சிறுநீர் பெருக்கியும் பெற்றவர்களில் 40 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டார்கள். பிறகு அசிட்டைல்சிஸ்டீன் வந்தது. சளியை இளக்கும் மருந்து. அழுகிய முட்டை வாடை வீசும். 2000இல் 83 பேரிடம் நடந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, இது பாதிப்பை 21 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது என்றது. விலை மலிவு, தீங்கு இல்லை, பிறகு கேட்பானேன்? உலகெங்கும் இதயப் பிரிவுகளில் அந்த வாடை பரவியது. பிரேசிலில் 2,308 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது: மருந்து குடித்தவர்களில் 12.7 சதவீதம், குடிக்காதவர்களிலும் 12.7 சதவீதம். தசம புள்ளி வரை ஒன்று. 2018இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட பிரிசர்வ் ஆய்வு, அசிட்டைல்சிஸ்டீனையும் சோடியம் பைகார்பனேட்டையும் சேர்த்தே ஒதுக்கியது.

நின்று நிலைத்தது தண்ணீர்தான். அதையும் ஆளுக்குத் தக்கபடி ஏற்ற வேண்டும். கலிஃபோர்னியாவில் நடந்து 2014இல் வெளியான பொசைடன் ஆய்வில், இதயத்தின் இடது கீழறை அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உப்புநீர் ஏற்றினார்கள். வழக்கமான முறையில் 16.3 சதவீதமாக இருந்த பாதிப்பு 6.7ஆக இறங்கியது. அழுத்தம் குறைவாக இருப்பவருக்கு நிறைய, அதிகமாக இருப்பவருக்குக் கொஞ்சம். இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு அடுத்தது அளவு. எவ்வளவு சாயம் வரை போகலாம்? 1989இல் சிகரோவா என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வாய்ப்பாடு தந்தார்கள். உடல் எடையை ஐந்தால் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். எப்படியும் 300 மில்லியைத் தாண்டக் கூடாது. எளியது, மனக்கணக்காகவே போடலாம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

75 வயதுப் பாட்டி ஒருவரை எண்ணிக்கொள்வோம். எடை 45 கிலோ. கிரியாட்டினின் 1.2. ஆய்வகச் சீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இருக்காது. பார்ப்பவர் “நார்மல்தான்” என்று சொல்லிவிடுவார். பழைய வாய்ப்பாட்டின்படி அவருக்கு 187 மில்லி வரை போகலாம். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதிய உடம்பில் அது குறைவாகவே உண்டாகும்; ஆகவே 1.2 என்பது இளைஞருக்கு ஒன்று, பாட்டிக்கு வேறொன்று. வயதையும் எடையையும் பெண் என்பதையும் சேர்த்து, காக்ராஃப்ட்–கால்ட் முறையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 29 மில்லிதான் வருகிறது. மிச்சிகன் மாநிலத்தில் 58,957 பேரின் ஆஞ்சியோபிளாஸ்டி விவரங்களை ஆராய்ந்து ஹிதிந்தர் குர்மும் குழுவினரும் 2011இல் சொன்னது இது: சாயத்தின் அளவு இந்தத் திறன் எண்ணைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் ஆபத்து ஏறத் தொடங்குகிறது, மூன்று மடங்கைத் தாண்டினால் செங்குத்தாக ஏறுகிறது. பாட்டிக்கு அது 58 மில்லி, தள்ளிப்போனால் 87. ஒரே பாட்டி, ஒரே இரத்தப் பரிசோதனை. ஒரு கணக்கில் 187, இன்னொன்றில் 58. எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் உள்ளே போகிறார் என்பதில் அந்தச் சிறுநீரகங்களின் கதி அடங்கியிருக்கிறது.

எல்லை தெரிந்தபின் அதற்குள் நிற்பது கை வேலை. கேத் லேப் என்று அழைக்கப்படும் அந்த அறையில், சாயம் வீணாகும் இடங்கள் வெளியாருக்குத் தெரியாதவை. முழு அளவுக் குழாய்க்குள் மட்டும் சுமார் 2 மில்லி தேங்கி நிற்கிறது. அடுத்து மருந்து ஏற்றும்போதோ கருவி மாற்றும்போதோ அது யாருக்கும் பயன்படாமல் உடம்புக்குள் தள்ளப்படும். முன்கூட்டியே சிரிஞ்சால் பின்னுக்கு உறிஞ்சிவிட்டால் அது மிச்சம். குழாய் தமனி வாயில் அமர்ந்ததா என்று பார்க்கப் பலர் சாயம் விடுவார்கள். அழுத்த மானியும் விரலின் உணர்வும் அதைச் சொல்லிவிடும். சந்தேகம் என்றால் உப்புநீரை விட்டு ஈசிஜி மாறுகிறதா என்று பார்க்கலாம். இடது கீழறை எப்படிச் சுருங்குகிறது என்று காண முன்பெல்லாம் 30 மில்லிக்கு மேல் ஒரே மூச்சில் பாய்ச்சுவார்கள். முந்தைய நாளே எக்கோ எடுத்துப் பார்த்துவிட்ட ஒன்றை மறுபடி பார்க்க அவ்வளவு சாயம் எதற்கு? இன்றும் சில இடங்களில் அது சடங்காகத் தொடர்கிறது.

கோணங்களும் அப்படித்தான். பயிற்சிக்காலத்தில் மனப்பாடம் செய்த எட்டு கோணங்களையும் எல்லோருக்கும் எடுப்பது ஒரு பழக்கம். அடைப்பு இரண்டாவது கோணத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டால், மீதி ஆறும் யாருக்காக? ஒரே நேரத்தில் இரண்டு கோணங்களில் படம்பிடிக்கும் இயந்திரம் இருந்தால், ஒரு செலுத்தலுக்கு இரண்டு படம். இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. நல்ல படம் ஒன்றை எடுத்துப் பக்கத்துத் திரையில் நிறுத்திவைத்து, விலா எலும்பையும் பழைய ஸ்டென்டையும் அடையாளக் கல்லாகக் கொண்டு வேலை செய்யலாம். கிளைகளில் மெல்லிய கம்பிகளை விட்டுவைத்தால், அந்தக் கம்பிகளே தமனியின் உருவத்தைக் கோடு கிழித்துக் காட்டும். சாயம் இல்லாத நேரத்திலும் மறையாது. அவசரம் இல்லாதவருக்கு, படமெடுப்பதை இன்றும் ஸ்டென்ட் வைப்பதைச் சில நாள் கழித்தும் செய்வது சிறுநீரகத்துக்கு மூச்சுவிட நேரம் தரும். இரண்டு முறை வந்துபோகும் செலவு நோயாளிக்கு; ஆகவே இது எல்லோருக்கும் ஒத்துவரும் யோசனை அல்ல.

இந்த வரிசையின் கடைசிப் படி, வெளியிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டுத் தமனிக்குள்ளேயே போய்ப் பார்ப்பது. ஐவஸ் எனப்படும் நுண் அல்ட்ராசவுண்டுக் கம்பி, ஒலியால் உட்சுவரைக் காட்டும், சாயம் தேவையில்லை. அடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தமனியின் அகலம் என்ன, ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியதா, எல்லாம் அதில் தெரியும். சாவ் பாவ்லோவில் 83 பேரிடம் நடந்து 2014இல் வெளியான மொசார்ட் ஆய்வில், சாதாரண முறையில் நடுநிலை அளவாக 64.5 மில்லி சாயம் செலவானது. ஐவஸ் துணையோடு சிகிச்சை பெற்றவர்களுக்கு 20. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு குழுவிலும் மருத்துவர்கள் சிக்கனமாக இருக்க முயன்றார்கள். சிக்கனத்துக்கு மேல் கிடைத்த சிக்கனம் இது.

2016இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சியாத் அலியும் உடன் பணியாற்றியவர்களும், சிறுநீரகம் கடுமையாக நலிந்த 31 பேருக்கு ஒரு சொட்டுச் சாயமும் இல்லாமல் ஸ்டென்ட் வைத்ததை வெளியிட்டார்கள். முன்பே மிகக் குறைந்த சாயத்தில் எடுத்த படம் அவர்களுக்கு வரைபடம். ஐவஸ் அவர்களுக்குக் கண். இரத்த ஓட்ட அழுத்தத்தை அளக்கும் கம்பி அவர்களுக்குச் சாட்சி. கேரளத்தின் கொல்லத்தில் பணியாற்றும் இதய மருத்துவர்களும் ஐவஸ் வழியில் முற்றிலும் சாயமற்ற சிகிச்சை செய்து 2022இல் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நாளையே எல்லோரும் சாயத்தைத் தூக்கியெறிந்துவிட முடியாது. கம்பி தமனியைத் துளைத்துவிட்டால், கசிவைக் காட்டுவது சாயம்தான். சாயமில்லாமல் செய்பவர்களும் புட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். ஐவஸ் கம்பியின் விலையும் சின்ன விஷயமல்ல.

கருவி விற்பவர்களும் சும்மா இருக்கவில்லை. சிரிஞ்சுக்கும் குழாய்க்கும் இடையில் பொருத்தினால், தமனிக்குள் போகாமல் மகாதமனியில் வழிந்து வீணாகும் உபரியைத் திசைதிருப்பும் சாதனம் ஒன்று வந்தது. அவெர்ட் என்ற பெயரில் 578 பேரிடம் சோதித்தார்கள். சாயம் சராசரி 101 மில்லியிலிருந்து 86 ஆனது, 15.5 சதவீதம் மிச்சம். சிறுநீரகப் பாதிப்போ ஒரு பக்கம் ஏறத்தாழ 26 சதவீதம், சாதனம் பொருத்திய பக்கம் 27. மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது, பலன் தெரியவில்லை. 15 மில்லி மிச்சம் பிடிப்பது போதாது என்று எடுத்துக்கொள்ளலாம். பாதிப்புக்குச் சாயம் மட்டுமே காரணமல்ல என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே உண்மையாக இருப்பதில் தடையில்லை.

இந்தத் துறையின் மிக நல்ல ஆய்வு என்று சொல்லத்தக்கது, புது மருந்தோ புது சாதனமோ இல்லாதது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மூன்று கேத் லேப்களில் பணியாற்றிய 34 மருத்துவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஆபத்துள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சைக்கு முன்பே கணினி ஓர் எண்ணைச் சொல்லும்: இவருக்கு இவ்வளவு மில்லிக்குள். எவ்வளவு உப்புநீர் என்றும் சொல்லும். அதோடு, சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மருத்துவரின் கையிலும் ஓர் அறிக்கை வரும். அவர் எத்தனை பேருக்கு எல்லை தாண்டினார், மற்றவர்கள் எப்படி, அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது என்ற கணக்கு அதில் இருக்கும். வீட்டுக்குப் போனபின் ஏறிய கிரியாட்டினின், முதன்முறையாகச் செய்தவரின் மேசைக்குத் திரும்பி வந்தது. 2022இல் வெளியான முடிவுகளின்படி, எல்லை தாண்டிய சிகிச்சைகள் 51.7 சதவீதத்திலிருந்து 38.1 சதவீதமாகக் குறைந்தன. சிறுநீரகப் பாதிப்பு 8.6இலிருந்து 7.2 ஆனது. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். இருபது ஆண்டுகளாக வாடை வீசும் மாத்திரைகளால் ஆகாததை, பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை போன்ற ஒரு தாள் செய்தது என்பதுதான் இங்கே செய்தி.

அதே 2022இல் சாயத்தின் கதை வேறொரு பக்கத்திலிருந்தும் பேசப்பட்டது. கொரோனா முடக்கத்தில் ஷாங்காயிலுள்ள ஜிஇ ஹெல்த்கேர் நிறுவனத்தின் ஆலை வேலையை நிறுத்த, அமெரிக்க மருத்துவமனைகளில் சில வாரங்களுக்குச் சாயத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. அவசரமில்லாத சோதனைகள் தள்ளிவைக்கப்பட்டன. பெரிய புட்டிகளைச் சிறு சிரிஞ்சுகளில் பிரித்துக் கொடுத்தார்கள். இத்தனை நாள் புட்டியின் அடியில் மிஞ்சியதைக் கொட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் பலர் கவனத்துக்கு வந்தது. கொட்டியது மட்டுமல்ல, உடம்புக்குள் போனதும் மாறாமல் சிறுநீரில் வந்து, கழிவுநீர் நிலையங்களையும் பெரும்பாலும் தாண்டி, ஆறுகளில் போய்ச் சேருகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் தோண்டியும், ஜப்பானின் சிபாவில் நிலத்தடி உப்புநீரிலிருந்து பிரித்தும் எடுத்த அயோடின், இப்படி நோயாளிகளின் வழியே கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

சாயத்தைப் பற்றி இவ்வளவு பயமுறுத்தியபின் எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லாவிட்டால் இந்தச் சொற்பொழிவு ஒருதலையாகிவிடும். 2004இல் கிளென் செர்டோவும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த முதியவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆஞ்சியோகிராம் செய்வதை மருத்துவர்கள் தவிர்த்துவந்தார்கள். செய்யப்பட்டவர்களோ, செய்யப்படாதவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள். இனப் பாகுபாடு, பால் பாகுபாடு போல இதையும் ஒரு பாகுபாடாகவே கருதி ‘ரீனலிசம்’ என்று பெயர் வைத்தார்கள். கிரியாட்டினினைக் காட்டி இதயத்தைக் கைவிடுவது அது. மாரடைப்பு வந்து மார்பைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அடைத்த தமனியைத் திறப்பதுதான் முதல் வேலை. அங்கேயும் திறக்க வேண்டிய தமனியை மட்டும் திறந்துவிட்டு, மற்றதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது.

இதையெல்லாம் விடச் சிறிய ஒன்று, ஒருவேளை இதனால்தான் யாரும் பேசாத ஒன்று, பட்டினி. காலை எட்டு மணிக்கு ஆஞ்சியோ என்று சொல்லி முந்தைய இரவே வாயைக் கட்டச் சொல்வார்கள். அவசர நோயாளி ஒருவர் நடுவில் வர, எட்டு மணி பதினொன்றாகும், பதினொன்று மூன்றாகும். நா வறண்டு, சிறுநீர் மஞ்சளாகி, இரத்தம் கெட்டிப்பட்டு, சாயத்துக்கு மிக மோசமாகத் தயாரான நிலையில் அவர் மேசைக்கு வருவார். பொசைடன் ஆய்வு நரம்பு வழியே ஏற்றிய அதே நீரை, வார்டு அதற்கு முந்தைய பதினைந்து மணி நேரமாகத் தடுத்து வைத்திருந்தது. 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஸ்காஃப் ஆய்வு, இத்தகைய சிகிச்சைகளுக்கு முன் சாப்பிட்டுக் குடித்து வந்தவர்கள் பட்டினி கிடந்தவர்களைவிட எந்த வகையிலும் மோசமாகவில்லை என்று காட்டியது. ஆனாலும் பல வார்டுகளில் கட்டிலின் தலைமாட்டில் ‘வாய்வழி எதுவும் கூடாது’ என்ற அட்டை தொங்குகிறது. துணைக்கு வந்தவர் தண்ணீர்ப் புட்டியை மூடி திறக்காமல் ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, கேத் லேப் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.